எஃப் 65.3 என்று எழுதுவதற்கு முன்

பிறர் உடை மாற்றுவதையோ உடலுறவில் இருப்பதையோ அவர்களுக்குத் தெரியாமல் ஒளிந்து பார்த்துப் பாலியல் கிளர்ச்சி அடைவதை மனநல மருத்துவம் வாயரிஸம் என்கிறது. அது நோய் என்று முடிவானால் கேஸ் ஷீட்டில் ஏறும் எண், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடியின் 10ஆம் பதிப்பில் (ஐசிடி-10) எஃப் 65.3, 11ஆம் பதிப்பில் (ஐசிடி-11) 6டி31. எழுதுவதற்குச் சில நொடிகள் போதும். ஆனால் அந்த எண்ணைப் பின்னாளில் வேறொரு மருத்துவர், காப்பீட்டு நிறுவன அலுவலர், சில வழக்குகளில் நீதிபதியும் படிப்பார்கள். எந்த ஆதாரத்தில் எழுதப்பட்டது என்ற குறிப்பு கூடவே இல்லாவிட்டால், அந்த எண் நோயாளியின் மேல் எழுதிய தீர்ப்பாகவே வாசிக்கப்படும்.

முதலில் பிரிக்க வேண்டியவை ஈர்ப்பும் கோளாறும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 (2013) இந்தப் பிரிவைத் தெளிவாக்கியது. வழக்கத்துக்கு மாறான ஈர்ப்பு பாராஃபிலியா. அது மட்டும் இருந்தால் நோய் இல்லை. கோளாறு என்று எழுத இரண்டு நிபந்தனைகள் வேண்டும். ஒன்று, குறைந்தது 6 மாதமாகத் தொடரும், திரும்பத் திரும்ப வரும் தீவிரக் கிளர்ச்சி. இரண்டு, சம்மதிக்காத ஒருவரிடம் அதைச் செயலாக்கியிருக்க வேண்டும், அல்லது அதனால் கடும் மனவேதனையோ வேலை, குடும்ப வாழ்வில் பாதிப்போ இருக்க வேண்டும். வாயரிஸத்துக்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும் என்பதும் உண்டு. பருவ வயதின் இயல்பான ஆர்வத்தை இதிலிருந்து பிரிப்பது கடினம் என்பதே காரணம். ஐசிடி-11 மாதக் கணக்கு வைக்கவில்லை. நீடித்த, குவிந்த, தீவிரமான போக்கா என்று கேட்கிறது. பார்க்கப்படுபவர் அறிந்து சம்மதித்திருந்தால் 6டி31 பொருந்தாது என்றும் சொல்கிறது.

குறிப்பில் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ‘பெண்களை ஒளிந்து பார்க்கும் பழக்கம் உள்ளது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கற்பனை, உந்துதல், செயல் மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். எந்த வயதில் தொடங்கியது, மாதத்தில் எத்தனை முறை, கடைசியாக எப்போது, அப்போது மது அருந்தியிருந்தாரா, செல்போனில் பதிவு செய்தாரா, வேறு வழியில் கிளர்ச்சி வருகிறதா, இது ஒன்றுதான் வழியா? ஒரு கற்பனை நோயாளியை வைத்து எழுதினால் குறிப்பு இப்படி வரும்: ‘31 வயது ஆண். 19 வயதிலிருந்து கற்பனை. கடந்த 14 மாதத்தில் 4 முறை, வெவ்வேறு நபர்களை, அவர்கள் அறியாமல் பார்த்ததாகச் சொல்கிறார். இரண்டு முறை மது அருந்தியிருந்தார். பதிவு செய்யவில்லை என்கிறார். மனைவி தந்த தகவல் தனியே.’ இதைப் படிக்கும் அடுத்த மருத்துவர், எண் பொருந்துகிறதா என்று தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

யார் சொன்னது என்பதை ஒவ்வொரு தகவலோடும் சேர்த்து எழுத வேண்டும். நீதிமன்றம் அனுப்பியவர் எல்லாவற்றையும் மறுக்கலாம். மறுப்பதாலேயே கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. மூன்றோ அதற்கு மேலோ வெவ்வேறு நபர்களை வெவ்வேறு சமயங்களில் பார்த்திருந்தால் அதைப் பொதுவாக ‘திரும்பத் திரும்ப’ என்று கொள்ளலாம் என்கிறது டிஎஸ்எம்-5. ஒரே நபரைப் பல முறை பார்த்திருந்தாலும் போதும்.

மறுபக்கம், ஒரே ஒரு சம்பவத்தை வைத்து எஃப் 65.3 போடுவது தவறு. போதையில் நடந்ததாக இருக்கலாம், வாய்ப்புக் கிடைத்ததால் செய்ததாக இருக்கலாம். குற்றம் குற்றம்தான், பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு கிளர்ச்சியின் போக்கைப் பற்றிக் கேட்பதில்லை. மருத்துவக் குறியீடு அதைத்தான் கேட்கிறது. போக்கு உறுதியாகவில்லை என்றால் ஐசிடி-10இல் சந்தேகத்தின் பேரில் கவனிப்பதற்கு இசட் 03.2, அதிகாரிகள் கேட்டதால் செய்த மனநலப் பரிசோதனைக்கு இசட் 04.6 உள்ளன. இவற்றைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

வேறு காரணங்களையும் பார்த்தாக வேண்டும். அளவு கடந்த உற்சாகம் பொங்கும் மேனியாவின்போது மட்டும் நடந்ததா? நடு வயதுக்கு மேல் திடீரெனத் தொடங்கியிருந்தால் முன்மூளை சார்ந்த டிமென்ஷியாவா? பார்க்கின்சன் நோய்க்கான டோபமைன் வகை மருந்துகளும் பாலியல் நடத்தையை மாற்றக்கூடும். வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் ஓசிடியில் வரும் பாலியல் எண்ணங்கள் இன்பம் தருவதில்லை, பயத்தையும் அருவருப்பையும்தான் தருகின்றன. அந்த நோயாளிக்கு எஃப் 65 வரிசையில் ஓர் எண்ணைக் கொடுப்பது பெரும் கொடுமை.

பழைய பதிவுகளை ஐசிடி-11க்கு மாற்றும்போது இன்னொரு சிக்கல் வரும். ஐசிடி-10இல், உயிரற்ற பொருள்களால் பாலியல் கிளர்ச்சி அடையும் ஃபெட்டிஷிஸத்துக்கு எஃப் 65.0 என்று தனி எண் இருந்தது. ஸ்வீடன் 2009இலும் நார்வே 2010இலும் அதைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கின. ஐசிடி-11இலும் அது இல்லை. பிறருக்குத் தீங்கு செய்யாத ஈர்ப்புகளில் கோளாறு இருந்தால் 6டி36 மட்டுமே. அதற்கும் நிபந்தனை கடுமையானது: வேதனை அந்த ஈர்ப்பின் தன்மையால் வந்திருக்க வேண்டும், பிறர் வெறுப்பார்கள் என்ற அச்சத்தால் மட்டும் வந்ததாக இருக்கக் கூடாது, இல்லையென்றால் அந்த நடத்தையில் காயமோ மரணமோ நேரும் பெரும் ஆபத்து இருக்க வேண்டும். கணினி மென்பொருள் எஃப் 65.0ஐத் தானாக 6டி36 ஆக்கினால், நோயே இல்லாத ஒருவர் நோயாளியாகிவிடுவார். ஒவ்வொருவரையும் மறுபடி விசாரித்தே மாற்ற வேண்டும்.

சிறையில் இருப்பவருக்குக் ‘குணமாகிவிட்டது’ என்று எழுதுவது இன்னொரு பிழை. டிஎஸ்எம்-5இன் ‘முழுமையாகத் தணிந்துள்ளது’ என்ற குறிப்புக்குக் கட்டுப்பாடில்லாத சூழலில் குறைந்தது 5 ஆண்டு செயலும் வேதனையும் பாதிப்பும் இல்லாதிருக்க வேண்டும். சிறையில் ஏழு ஆண்டு எதுவும் நடக்கவில்லை என்றால், வாய்ப்பு இல்லை என்றுதான் அர்த்தம். அங்கே ‘கட்டுப்பாடான சூழலில்’ என்ற குறிப்பையே சேர்க்க வேண்டும்.

முதல் கேள்வி கேட்கும் முன்பே ரகசியத்தின் எல்லையை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு ரகசியத்தைக் காக்கிறது. அதில் சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பது, அதற்கும் தேவையான தகவலை மட்டுமே சொல்லலாம். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்ஸோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இதைச் சொன்ன நேரத்தையும் குறிப்பில் எழுதலாம். பார்க்கப்பட்டவர்களின் பெயரும் முகவரியும் சிகிச்சைக் குறிப்பில் தேவையில்லை. டிஸ்சார்ஜ் சம்மரிக்கு நோயின் பெயர், எண், மருந்து, அடுத்த வருகைத் தேதி போதும். கற்பனைகளின் விவரம் கேஸ் ஷீட்டிலேயே இருக்கட்டும், காப்பீட்டுப் படிவத்துக்குப் போக வேண்டாம்.