செல்லை வளர்த்துவிடலாம், அதற்கு ரத்தம் எப்படிப் போகும்?

மனிதச் செல்களைத் தட்டில் வளர்ப்பது இன்று பல ஆய்வகங்களில் அன்றாட வேலை. அப்புறம் ஏன் ஒரு முழுக் கல்லீரலை வளர்த்துக் கொடுக்க முடியவில்லை? முக்கியமான தடை ரத்தக் குழாய்தான். ஆக்சிஜன் தானாகப் பரவினால் திசுவுக்குள் 0.1, மிஞ்சிப்போனால் 0.2 மில்லிமீட்டர்தான் போகும். திசு அதைவிடத் தடிமனானால் ஓரம் பிழைக்கும், நடுப்பகுதி செத்துவிடும். தோலிலும் குருத்தெலும்பிலும் முதலில் வெற்றி கிடைத்ததே, ஒன்று மெல்லியது, மற்றதற்கு ரத்தக் குழாயே கிடையாது என்பதால்தான்.

சரி, குழாயை எப்படி அமைப்பது? 2012-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் சென், ஜோர்டான் மில்லர் குழு செய்ததைப் பாருங்கள். சர்க்கரைக் கலவையை உருக்கி, முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் முனை வழியாக, கம்பிப் பாகு இழுபடுவது போல இழுத்து ஒரு வலையாக அடுக்கினார்கள். அது ஆறியதும் கண்ணாடி போல விறைத்துக்கொள்ளும். அதன்மேல் செல்கள் கலந்த கூழை ஊற்றி உறைய வைத்து, பிறகு சர்க்கரையைக் கரைத்து வெளியேற்றினால், கம்பி இருந்த இடமெல்லாம் வெற்றுக் குழாய். கரையும் சர்க்கரை கூழுக்குள் கசிந்து செல்களைக் கெடுக்காமல் இருக்க, கம்பிகளுக்கு முன்பே மெல்லிய பாலிமர் பூச்சும் கொடுத்திருந்தார்கள். கடைசியாக, ரத்தக் குழாய்களின் உட்சுவரில் இருக்கும் எண்டோதீலியச் செல்களை உள்ளே ஓடவிட்டால் அவை சுவரில் ஒட்டிப் படர்ந்துகொள்ளும். அந்தக் குழாய்களில் மனித ரத்தத்தையே துடிப்போடு செலுத்திக் காட்டினார்கள்.

ஆனால் இவை, உடம்பின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களான தந்துகிகளைவிடப் பல மடங்கு பெரியவை. தந்துகியின் அகலம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக நெளிந்துதான் போக வேண்டும். அவ்வளவு சிறியதை அச்சடிப்பதைவிடச் செல்களிடமே விட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம். ஆக்சிஜன் போதாத செல்கள் வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தைச் சுரக்கும். பக்கத்துக் குழாயின் எண்டோதீலியச் செல் ஒன்று அது வரும் திசையில் மெல்லிய இழைகளை நீட்டித் துழாவிக்கொண்டே நகர, மற்றவை பின்தொடர்ந்து புதுக் கிளையாகின்றன. உடம்புக்குள் நடக்கிற இந்த வேலையைக் கூழுக்குள்ளும் அவை செய்வதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

2021-ல் நாசா நடத்திய போட்டியில் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் இரண்டு குழுக்கள், ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கல்லீரல் திசுவை 30 நாள் உயிரோடு வைத்திருந்து முதலிரண்டு இடங்களைப் பிடித்தன. அடுத்த சவால், இப்படிப்பட்ட திசுவை நோயாளியின் தமனியோடு இணைப்பது. குழாயின் உட்சுவரில் எண்டோதீலியச் செல் ஒட்டாத இடம் கொஞ்சம் இருந்தாலும், அங்கே ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடலாம்.