போக்கும் வரத்தும்: கைனசின், டைனீன் என்ற இரண்டு சொற்கள்

நம் உடலின் உயிரணு (செல்) ஒவ்வொன்றுக்குள்ளும் சரக்கைச் சுமந்துகொண்டு நடக்கும் புரதங்கள் இருக்கின்றன. உயிரணுவின் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் கைனசின். ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவருவது டைனீன். இரண்டுக்கும் தடம் ஒன்றுதான்: 25 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள நுண்குழல். ஒரே தடத்தில் எதிரெதிராக நடக்கும் இந்த இரண்டுக்கும் பெயர் எப்படி வந்தது, தமிழில் எப்படிச் சொன்னால் பொருந்தும் என்று பார்க்கலாம்.

டைனீன் என்ற பெயர்தான் மூத்தது. டெட்ராஹைமினா என்று ஓர் ஒற்றைச்செல் உயிரி, நன்னீரில் வாழ்வது. அதன் உடலைச் சுற்றியுள்ள குறு இழைகளைத் துடிக்க வைக்கும் புரதத்தை 1960களில் இயன் கிப்பன்ஸ் பிரித்தெடுத்தார். 1965இல் அதற்கு டைனீன் என்று பெயர் வந்தது. பழைய இயற்பியல் பாடத்தில் விசையின் அலகாக 'டைன்' என்று படித்தவர்களுக்கு அந்தச் சொல் நினைவிருக்கும். அதோடு புரதப் பெயர்களில் வழக்கமாக வரும் விகுதியைச் சேர்த்தால் டைனீன். வேர், வலிமை என்று பொருள்படும் 'டைனமிஸ்' என்ற கிரேக்கச் சொல். சைக்கிள் விளக்குக்கு மின்சாரம் தந்த டைனமோவும், பாறையைப் பிளக்கும் டைனமைட்டும் அந்த வேரில் முளைத்தவைதான்.

கைனசின் 1985இல் வந்தது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் கணவாயின் நரம்பை வைத்து ஆய்வு நடந்தது. கணவாயின் உடலில் ஒரு நரம்பிழை மட்டும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனாக இருக்கும். உள்ளே இருக்கும் கூழைப் பிதுக்கி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துவிடலாம். அந்தக் கூழிலிருந்து ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் மூவரும் பிரித்தெடுத்த புரதத்துக்குக் கைனசின் என்று பெயரிட்டார்கள். 'கினெயின்' என்றால் கிரேக்கத்தில் நகர்த்துவது. நாம் நாள்தோறும் சொல்லும் 'சினிமா'வும் இதே வேரிலிருந்து வந்ததுதான். நகரும் படம் சினிமா, நகர்த்தும் புரதம் கைனசின். கிப்பன்ஸும் வேலும் 2017இல் ஹாங்காங்கில் தரப்படும் ஷா அறிவியல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சரி, இரண்டையும் நேராக மொழிபெயர்த்தால் என்ன கிடைக்கும்? நகர்வுப் புரதம், விசைப் புரதம். இரண்டும் நகர்கின்றன, இரண்டுமே விசை தருகின்றன. எது எந்தப் பக்கம் போகும் என்ற முக்கியமான செய்தி மூலப் பெயர்களிலேயே இல்லை. இருபது ஆண்டு இடைவெளியில் தனித்தனியாக வைத்த பெயர்கள், அதனால் ஜோடியாக அமையவில்லை. ஆகவே வேரைப் பெயர்ப்பதைவிட வேலையைப் பெயர்ப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

அந்த வேலைக்குத் தமிழில் சொல் தயாராக இருக்கிறது: போக்குவரத்து. போக்கு ஒரு பக்கம், வரத்து இன்னொரு பக்கம், இரண்டு திசையும் ஒரே சொல்லில். அணைக்கு நீர்வரத்து, சந்தைக்குக் காய்கறி வரத்து என்று இன்றும் சொல்கிறோம். இந்த இணை பழையது. 'போக்கும் வரவும் புணர்வும் இலாப் புண்ணியனே' என்று சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் பாடுகிறார். உயிரணுவின் நடுவை வீடாக வைத்துக்கொண்டால், கைனசின் செய்வது போக்கு, டைனீன் செய்வது வரத்து. போக்குப் புரதம், வரத்துப் புரதம் என்று சொல்லிவிட்டால் எது எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

கைனசின் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தடத்தைப் பற்றும் உறுப்பு அதற்கு இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் அவற்றைத் தலை என்கிறார்கள்; நடக்கும் உறுப்பைத் தமிழில் பாதம் என்று சொல்வதுதான் இயல்பு. பின்பாதம் தடத்தை விட்டு எழுந்து, முன்பாதத்தைத் தாண்டி, அடுத்த பிடியில் ஊன்றும். அதற்குள் சரக்கு 8 நானோமீட்டர் முன்னேறியிருக்கும். ஓர் அடிக்கு, உயிரணுவின் எரிபொருளான ஏடிபியில் ஒரு மூலக்கூறு செலவு. விநாடிக்கு நூறு அடி அளவில் நடக்கும். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை ஒரு நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். 8 நானோமீட்டர் அடியாக எண்ணினால் 12.5 கோடி அடிகள். ஒரே கைனசின் அவ்வளவு தூரமும் நடப்பதில்லை. ஒரு மைக்ரோமீட்டர், அதாவது ஆயிரம் நானோமீட்டர் அளவு நடந்ததும் தடத்திலிருந்து கழன்றுவிடும். அதனால் ஒரு சரக்கில் பல புரதங்கள் ஒட்டியிருக்கும். ஒன்று கழன்றாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நரம்பில் வேகமாகப் போகும் சரக்கு நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் வரை போகிறது. இந்தப் புரதங்கள் இல்லாமல், மூலக்கூறுகள் தாமாகப் பரவித்தான் போக வேண்டும் என்றால், கால்விரலைச் சென்று சேர நூற்றாண்டுகள் ஆகும்.

டைனீனின் நடை இவ்வளவு சீரானதில்லை. அடி சிலசமயம் பெரியது, சிலசமயம் சிறியது. இடையிடையே பின்னாலும் வைக்கும். நம் உடலில் உள்ள டைனீன் தனியாக நெடுந்தூரம் போகாது. டைனாக்டின் என்ற துணையும், சரக்கோடு பிணைக்கும் இன்னொரு புரதமும் சேர்ந்தால்தான் ஓட்டம் நிலைக்கும். பெயரில் விசை இருந்தாலும் தனி டைனீனின் இழுவிசை பெரும்பாலான அளவீடுகளில் கைனசினுடையதைவிடக் குறைவு; கூட்டமாகச் சேரும்போதுதான் அதன் வலிமை தெரியும். இந்த வரத்துப் பாதையில் வேண்டாதவையும் ஏறிவிடுகின்றன. வெறிநாய் கடித்தால் வைரஸ் நரம்புமுனையில் நுழைந்து, உள்நோக்கிப் போகும் சரக்கோடு சேர்ந்து முதுகுத்தண்டையும் மூளையையும் எட்டுகிறது. கடிவாய் மூளைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு ஆபத்து என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இந்தப் பயண தூரமும் ஒரு காரணம். கடித்த இடத்தை உடனே சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுவதும், தாமதிக்காமல் தடுப்பூசி போடுவதும், வைரஸ் இந்தப் பாதையில் ஏறுவதற்கு முன் தடுக்கத்தான்.

அப்புறம், ஒரே சரக்கில் இரண்டு வகையும் ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? ஆங்கிலத்தில் இதற்கு வடம் இழுக்கும் விளையாட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். தமிழில் அதைவிடச் சுருக்கமாக, தொகுதிப் பங்கீட்டுச் செய்தியில் நாள்தோறும் படிக்கும் சொல் இருக்கிறது: இழுபறி. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மாலிக்கின் குழு இதை நேரிலேயே பார்த்தது. மண்ணில் வாழும் ஓர் அமீபாவின் சரக்குப் பைகளை அவர்கள் கவனித்தார்கள். ஒரு பக்கம் வலுவான கைனசின் ஒன்று, மறுபக்கம் வலு குறைந்த டைனீன்கள் நான்கு முதல் எட்டு வரை. இழுபறி நடக்கும்போது உருண்டையான பை இரண்டு பக்கமும் நீண்டது. சில பைகள் இரண்டாகவும் பிரிந்தன. 2009இல் வெளியான ஆய்வு அது.

இழுபறி என்ற சொல் முழுக் கதையையும் சொல்லிவிடாது. வெறும் எதிரிகள் என்றால், கைனசினைத் தடுத்ததும் டைனீன் தடையில்லாமல் ஓட வேண்டும். பல சோதனைகளில் அப்படி நடக்கவில்லை. ஒன்றை நிறுத்தினால் மற்றதும் தளர்ந்துபோகிறது. காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒரு முடிவு இல்லை. போக்கு நின்றால் வரத்தும் தளர்கிறது என்று மட்டும் தெரிகிறது. எதிரெதிர் திசைகளை ஒன்றாகவே பிடித்துவைத்திருக்கும் 'போக்குவரத்து' இங்கே எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

இந்தப் பெயர்களுக்கு எல்லையும் உண்டு. கைனசின் ஒரு பெரிய குடும்பம். அதில் ஒரு கிளை மட்டும் டைனீனைப் போல எதிர்த்திசையில் நடக்கிறது. பூக்கும் தாவரங்களில் டைனீனே கிடையாது. திரும்பி வரும் வேலைக்கும் கைனசின் குடும்பத்தைத்தான் நம்ப வேண்டும். ஆகவே போக்கு, வரத்து இரண்டையும் வேலையின் பெயராக வைத்துக்கொள்ளலாம், குடும்பப் பெயராகக் கைனசினும் டைனீனும் அப்படியே இருக்கட்டும். வேலைப் பெயர் தனியாக இருந்தால், 'மல்லிகைச் செடியில் வரத்து வேலையைச் செய்வதும் ஒரு கைனசின்தான்' என்று குழப்பமில்லாமல் எழுதிவிடலாம்.

இரண்டுக்கும் பொதுவான பெயராக 'மோட்டார் புரதம்' வழக்கில் இருக்கிறது. மோட்டார் என்றதும் நமக்குக் கிணற்றில் சுழலும் மோட்டார்தான் நினைவுக்கு வரும். கைனசினும் டைனீனும் சுழல்வதில்லை, நடக்கின்றன. 'இயங்குபுரதம்' என்பதே என் தேர்வு. பழந்தமிழில் இயங்குதல் என்றால் செல்லுதல், நடத்தல். நடமாடும் உயிர்களை இயங்குதிணை என்றும், நின்ற இடத்தில் நிற்பவற்றை நிலைத்திணை என்றும் நம் இலக்கணத்தார் பிரித்தது அந்தப் பொருளில்தான். கட்டுரையில் முதல்முறை வரும்போது 'போக்குப் புரதமான கைனசின்', 'வரத்துப் புரதமான டைனீன்' என்று எழுதிவிட்டு, அப்புறம் கைனசின், டைனீன் என்று மட்டும் எழுதினால் போதும்.