வெட்டிய வாய் எப்படித் தானாக அகலுகிறது?

"மழை தொடங்கியதுமே முகத்துவாரத்தை வெட்டினால் வேளாண்மை தாழாதே, ஏன் வெள்ளம் ஏறும்வரை பார்த்திருக்கிறார்கள்?" என்று படுவான்கரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மாரியில் உன்னிச்சை, நவகிரிக் குளங்கள் வான் பாய்ந்தால் அந்த நீரெல்லாம் வந்து சேருமிடம் மட்டக்களப்பு வாவி. 56 கிலோமீற்றர் நீளமான அந்த வாவி கடலைத் தொடுவது பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும்தான். நமது கரையில் வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அலை கொண்டுவந்து போடும் மணலை வாரிச் செல்ல அது போதாது; கோடையில் வாய் தூர்ந்துவிடுகிறது.

அந்த மணல்மேட்டில் ஒரு சிறு வாய்க்காலை வெட்டிவிட்டுப் பாருங்கள். முதலில் நீர் தயங்கித் தயங்கித்தான் போகும். வாவி கடலைவிட அரை மீற்றர் உயர்ந்திருந்தால், உராய்வைக் கணக்கில் எடுக்காமல் பார்க்கையில், அந்த நீர் செக்கனுக்கு 3 மீற்றர் வேகம் வரை எட்டலாம். வேகம் இரு மடங்கானால் அது அள்ளும் மணல் எட்டு மடங்குக்கும் மேல்! மணல் போகப் போக வாய்க்கால் ஆழமாகும். ஆழமாக ஆக அடி உராய்வு குறையும். வேகம் இன்னும் கூடும். கரை அடியில் அரிபட்டு, மேலே நிற்கும் மணல் பாளம் பாளமாகத் தொப்பென்று விழும். விழுந்ததையும் நீர் உடனே கொண்டுபோய்விடும். காலையில் தாண்டிய வாய்க்காலை மாலையில் நீந்தியும் கடக்க முடியாது. இதைவிட அழகான பௌதிகப் பாடத்தை நான் கண்டதில்லை.

ஆகவே வாசகரே, நீர்மட்டம் தாழ்ந்திருக்கையில் வெட்டினால் இந்தச் சுழற்சி தொடங்கவே மாட்டாது. அலை அதைத் திரும்ப மூடிவிடும். அதற்காக அளவுக்கு மிஞ்சிக் காத்திருப்பதும் சரியல்ல: வயலோடு கண்டல் மரங்களின் மூச்சு வேர்களும் நாள்கணக்கில் மூழ்கினால் அவற்றுக்குக் காற்றுக் கிடைக்காது. விவசாயி வெட்டச் சொல்கிறார், மீனவர் பொறுக்கச் சொல்கிறார். வாவியில் பல இடங்களில் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அன்றாடம் அளந்து ஊருக்கு அறிவித்தால் இந்தப் பிணக்கில் பாதி தீரும். அந்தக் கருவிகளுக்குப் பணம் ஒதுக்குவதை வீண் செலவென்று யாரும் சொல்லக்கூடாது.

வெள்ளம் வடிந்தபின் ஓட்டம் திரும்பும். ஒரு லீற்றர் கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 25 கிராம் பாரம் கூட என்பதால், அது ஆப்புப்போல அடியால் நுழையும். மேலே கலங்கிய ஆற்றுநீர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, கடலில் பொரித்த வெள்ளை இறால் குஞ்சுகள் கண்டல் வேர்களைத் தேடி வாவிக்குள் வரும்.