காக்காயைக் காட்டும் விரல்

"ஒன்றரை வயது மகன் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் காட்டினால்தான் சோறு இறங்குகிறது. நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வேண்டாம். பேச்சு காதில் தொடங்கி, மூளையில் ஊறி, கடைசியில்தான் நாக்குக்கு வருகிறது. முதலில் காது கேட்கும் பரிசோதனை செய்யுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள். சில ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளைகளும் உண்டு.

சரி, காது நன்றாக இருக்கிறது என்றால், விரல் நீட்டிக் காட்டுகிறானா என்று பாருங்கள். பிஸ்கட் டப்பாவைக் காட்டி அடம் பிடிப்பது ஒரு வகை, அது கேட்பது. மதில்மேல் உட்கார்ந்த காக்காயைக் காட்டுவது வேறு வகை. காக்காய் அவனுக்கு வேண்டியதில்லை. விரலை நீட்டிவிட்டு, சட்டென்று திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பான். 'நீயும் பார்த்தியா?' என்று கேட்கிற பார்வை அது. குழந்தை வளர்ச்சியிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த நொடி அதுதான்.

ஏனென்றால், அவன் முன்னால் மதில் இருக்கிறது, கொடியில் துணி ஆடுகிறது, குழாய் சொட்டுகிறது. 'காக்கா' என்ற ஒலி இதில் எதற்குச் சொந்தம்? அவன் விரலும் உங்கள் கண்ணும் ஒரே இடத்தில் சேரும்போது நீங்கள் அந்தப் பெயரைச் சொன்னால் குழப்பமே இல்லை. ஒலி நேராகப் பொருளில் போய் ஒட்டிக்கொள்கிறது.

இதைத் திரை செய்யாது. 2003-ல் அமெரிக்காவில், குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீசியா குல் என்பவரின் குழுவினர் 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். எதிரே ஆள் உட்கார்ந்து பேசி விளையாடிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதையே டிவியில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. டிவிக்குக் குழந்தையின் விரல் தெரியாதே!

இடுப்பில் வைத்துக்கொண்டு காக்காயையும் நிலாவையும் காட்டிச் சோறு ஊட்டினார்களே, அது அருமையான பேச்சுப் பயிற்சி. போன் வந்ததும் அதுவும் போனது, பிள்ளையின் கைக்கு இருந்த வேலையும் போனது. திரையைப் பார்த்தபடி வாயை மட்டும் திறக்கிற பிள்ளைக்கு, கை எதற்கு என்றே தெரிவதில்லை. கீழே பழைய பேப்பரை விரித்து, தட்டில் இட்லியைப் பிய்த்துப் போடுங்கள். கட்டைவிரலோடு சேர்ந்து அதைக் கிள்ளி எடுக்கிறதும் காக்காயைக் காட்டிய அதே ஆள்காட்டி விரல்தான். சிந்தட்டும்.

டவுசர் போடும்போது முட்டிக்கு மேல்வரை நீங்களே ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை அவனுக்கு விடுங்கள். 'இழு' என்று சொல்லுங்கள். வேலை முடிகிற சந்தோஷம் ஒவ்வொரு முறையும் அவன் கையிலேயே நடக்கும். பழகியபின் இன்னும் கொஞ்சம் கீழேயே விட்டுவிடலாம். எதைச் சொன்னாலும் அப்புறம் மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். நம் வீடுகளில் பிள்ளை வாய் திறக்கும் முன்பே நாலு பேர் பதில் சொல்லிவிடுகிறோம்.

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்கிற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. அதை நம்பி ஒரு வருடத்தைத் தொலைக்கிறார்கள். ஒன்றரை வயதில் வார்த்தையும் வரவில்லை, விரலும் நீளவில்லை என்றால் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கென்றே இலவச மையங்கள் இருக்கின்றன. காது பரிசோதனையை மட்டும் மறக்காமல் கேட்டு எழுதி வாங்குங்கள்.