ஒரு மில்லிமீட்டர் நீண்ட கண்

பாம்பன் கரையில் படகுகள் திரும்பும் நேரம். என் தங்கை மகளுக்கு ஒன்பது வயது. "உங்க அப்பா படகு எது, சொல்லு பார்ப்போம்" என்றேன். கூட நின்ற பிள்ளைகள் கொடியையும் பெயிண்டையும் வைத்துத் தூரத்திலேயே கை காட்டிவிட்டார்கள். இவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், "அந்தா வருது மாமா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் படகைக் கண்டுபிடித்தது இன்ஜின் சத்தத்தை வைத்து. வகுப்பிலும் கரும்பலகை தெரியாமல், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதி வந்திருக்கிறாள். எத்தனை மாதமாக இப்படிச் சமாளித்தாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பரிசோதித்தபோது இரண்டு கண்ணிலும் மைனஸ் 2 பவர். அதாவது கிட்டப்பார்வை: பக்கத்தில் தெரியும், தூரம் கலங்கும். "இந்த வயசுலயே கண்ணு வீக்காயிருச்சே" என்று அம்மாச்சி அழுதுவிட்டார். அந்த 'வீக்' என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிட்டப்பார்வை வந்த கண் பெரும்பாலும் இளைத்த கண் அல்ல. அது தேவைக்கு மேல் வளர்ந்துவிட்ட கண்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பெரியவர்கள் படிக்கப் போடும் வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பவர் பிளஸ் 2.5 என்று வைத்துக்கொள்வோம். பகலில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் முன்னால் 40 சென்டிமீட்டர் தள்ளி அதைப் பிடியுங்கள். வெளியே நிற்கும் பனைமரம் சுவரில் தலைகீழாக, சின்னதாக, ஆனால் தெளிவாக விழும். இப்போது கண்ணாடியைச் சுவரிலிருந்து இன்னும் பத்து சென்டிமீட்டர் விலக்குங்கள். பனை கலங்கிப்போகும். கண்ணாடிச் சில்லிலோ சுவரிலோ ஒரு குறையும் இல்லை, இடைவெளிதான் கூடிவிட்டது. நம் கண்ணில் அந்தச் சுவர்தான் விழித்திரை. கண் பந்து நீண்டுவிட்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது.

பிறந்த குழந்தையின் கண் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். பெரியவர்களுக்கு 23, 24 வரை வரும். அதற்கு மேல் ஒரே ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும் இரண்டரை முதல் மூன்று வரை மைனஸ் பவர் வந்துவிடும்.

மைனஸ் 2 என்றால் எவ்வளவு தெரியும்? ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் மீட்டர் கணக்கில் விடை கிடைக்கும். ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை மீட்டர். கண்ணாடி இல்லாமல் எங்கள் பிள்ளைக்குத் தெளிவான உலகம் அரை மீட்டர் தூரத்தோடு முடிந்துவிடுகிறது. மைனஸ் 4 என்றால் கால் மீட்டர். கண்ணைச் சுருக்கினால் கொஞ்சம் தெரிவது, இமை இடுக்கு வழியாக மெல்லிய ஒளிக்கற்றை மட்டும் உள்ளே போவதால். பிள்ளை அடிக்கடி கண்ணைச் சுருக்கினால் அதை வெறும் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் கரையில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்க மூழ்கும் பெண்கள் முகத்தில் கண்ணாடி கட்டுவது உப்புத் தண்ணீர் எரிச்சலுக்காக மட்டும் இல்லை. ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கண்ணின் முன்பக்கப் படலமான கார்னியாதான் செய்கிறது. அதற்கு முன்னால் காற்று இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். தண்ணீர் நேராகத் தொட்டால் அந்தச் சக்தி பெரும்பாலும் போய்விடும், எல்லாமே கலங்கும். முகக்கண்ணாடிக்குள் அடைபட்ட அந்தக் கைப்பிடிக் காற்றுதான் பாசியைக் காட்டிக்கொடுக்கிறது.

சரி, கண் ஏன் நீள்கிறது? பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் பரம்பரை மட்டும் காரணம் என்றால் இரண்டு தலைமுறைக்குள் இது இவ்வளவு பெருகியிருக்காது. கோழிக்குஞ்சுகளின் கண்ணுக்கு முன்னால் மைனஸ் கண்ணாடி பொருத்திப் பார்த்தார்கள். பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் தள்ளிப்போனது. அதைப் பிடிக்கக் கண்ணே பின்னோக்கி வளர்ந்தது. மூளைக்குப் போகும் பார்வை நரம்பைத் துண்டித்த பிறகும் இந்த வளர்ச்சி நடந்தது. அதாவது எவ்வளவு வளர வேண்டும் என்பதை விழித்திரையே அந்த இடத்திலேயே தீர்மானிக்கிறது.

அந்த விழித்திரைக்கு 'போதும், நிறுத்து' என்று சொல்வதில் வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கண்ணின் நீள வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வகுப்பறையில் அது சில நூறு லக்ஸ்தான். நம் கடற்கரையில் உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். பூவரசு நிழலில் உட்கார்ந்தாலும் வகுப்பறையைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே பிள்ளையை வெயிலில் காயவிட வேண்டியதில்லை, தொப்பியும் போடலாம். வெட்டவெளியில் இருந்தால் போதும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம். வழக்கம்போல் விடப்பட்ட பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015-இல் இது வெளியானது. தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் இரண்டு மணி நேரம் வெளிப்புறம் என்று திட்டமே போட்டது. இவ்வளவு வெளிச்சம் கொட்டிக் கிடக்கிற கரையில், பள்ளி விட்டதும் பிள்ளைகளை டியூஷனிலும் செல்போனிலும் அடைக்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: வெளிச்சத்தின் பலன் கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடுவதில்தான் அதிகம். வந்த பிறகு பவர் ஏறுவதைத் தடுக்க அது மட்டும் போதாது.

அப்புறம், எங்கள் அம்மாச்சியும் ஊரில் பாதிப் பேரும் நம்புகிற விஷயம்: "கண்ணாடி போட்டா கண்ணு அதுக்குப் பழகிரும், பவர் ஏறிக்கிட்டே போகும்." ஏறுவது கண்ணாடியால் இல்லை, பிள்ளை வளரும்போது கண்ணும் சேர்ந்து வளர்வதால். வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002-இல் மலேசியாவில் வந்தது. குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது. கணக்காக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கொடுத்து, அதைப் போடச் சொல்வதே சரி. அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் காட்டும் எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சிறுவர்களின் கண் தசை இறுகி இல்லாத மைனஸைக் காட்டும். சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தளர்த்திய பிறகு பார்ப்பதே நம்பகமானது.

பவர் வேகமாக ஏறும் பிள்ளைகளுக்கு இன்று வழிகள் உண்டு. ஒன்று அட்ரோபின் சொட்டு மருந்து, இரவு படுக்கும் முன் ஒரு சொட்டு. நம் வேலியோரம் வளரும் ஊமத்தையிலும் அட்ரோபின் இருக்கிறது. அதற்காக ஊமத்தைச் சாற்றைக் கண்ணில் விட்டுவிடாதீர்கள், அது விஷம். மருத்துவர் தருவது 0.01 முதல் 0.05 சதவீதம் வரை நீர்த்த மருந்து. ஹாங்காங்கில் ஒப்பிட்டுப் பார்த்ததில் 0.05 நன்றாகவே தடுத்தது, 0.01-இன் பலன் குறைவு. இன்னொன்று, நடுவில் வழக்கமான பவரும் சுற்றிலும் குட்டிக் குட்டி லென்ஸ்களும் பதித்த கண்ணாடி. அந்த ஓர லென்ஸ்கள் பிம்பத்தை விழித்திரைக்கு முன்னால் விழவைத்து, 'இனி நீளாதே' என்று அதற்குச் சொல்கின்றன. இரண்டு வருட ஆய்வுகளில் பவர் ஏறும் வேகம் ஏறக்குறைய பாதியானது. விலைதான் அதிகம். இவை எதுவும் ஏறிய பவரை இறக்காது. நீண்ட கண் மறுபடி சுருங்குவதில்லை.

அதனால்தான் பெரியவர்களுக்கும் இந்தப் பேச்சு தேவை. இருபது வயதைத் தாண்டினால் பெரும்பாலும் பவர் நின்றுவிடும். அதன்பின் லேசர் செய்துகொண்டால் கண்ணாடி போய்விடும், ஆனால் லேசர் சீவுவது கார்னியாவை மட்டும். உள்ளே கண் நீளமாகவே இருக்கும், விழித்திரையும் இழுபட்டு மெலிந்தே இருக்கும். மைனஸ் 6-க்கு மேல் உள்ளவர்கள், லேசர் செய்திருந்தாலும், வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் அடிப்பதுபோல் இருந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் விழித்திரை பிரிந்துபோய்ப் பார்வை திரும்பாமல் போகலாம். நாற்பது, ஐம்பது வயதில் பவர் சட்டென்று மாறினால் சர்க்கரையைச் சோதியுங்கள். சர்க்கரை ஏறினால் கண்ணின் லென்ஸ் உப்பிப் பவர் மாறும். கண்புரை முற்றும்போதும் மைனஸ் கூடுவதுண்டு.

எங்கள் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. டியூஷனை இருட்டிய பிறகு என்று மாற்றிவிட்டோம், சாயங்காலம் கரைக்குப் போய்விடுகிறாள். கண்ணாடி கடலில் விழாதிருக்க, அவள் அப்பா வலை நூலால் அதன் இரண்டு கம்பியையும் பின்பக்கம் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார். உப்புக் காற்று படிந்த கண்ணாடியைத் துணியால் துடைத்தால் கீறல் விழும் என்று, வீட்டுக்கு வந்ததும் முதலில் நல்ல தண்ணீரில் கழுவுகிறாள். படகை இப்போது எண்ணை வாசித்தே சொல்கிறாள்.