சிறுகோள் வேறு, விண்கல் வேறு

‘சென்னையில் கண்டுபிடிக்கப்பட்ட விண்கல்’ என்ற தலைப்பை அண்மையில் ஒரு செய்திக் குறிப்பில் பார்த்தேன். படிப்பவர் எவரும் நுங்கம்பாக்கத்தில் வானிலிருந்து ஒரு கல் விழுந்தது என்றே எண்ணுவார். உள்ளே சொல்லப்பட்டிருந்ததோ ‘67 ஆசியா’ என்னும் சிறுகோளின், அதாவது ஞாயிற்றைச் சுற்றிவரும் சிறிய பாறைப் பொருளின், வரலாறு. 1861 ஏப்ரல் 17 அன்று மதராஸ் வானாய்வகத்தில் வானியலாளர் நார்மன் போக்சன் அதைக் கண்டறிந்தார்; ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அப்பெயரையே அதற்கு இட்டார்.

சிறுகோளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஆஸ்டராய்டு’ என்பது ‘விண்மீன் போன்றது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1802இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் அதை வழக்கிற்குக் கொண்டுவந்தார். தொலைநோக்கியில் வட்டமாக விரியாமல் ஒளிப்புள்ளியாகவே நின்ற தோற்றத்தை மட்டும் குறித்த பெயர் அது. ‘கொள்’ என்னும் வினையடியிற் பிறந்த ‘கோள்’ என்பதோடு ‘சிறு’ சேர்த்த நம் சொல்லோ, ஞாயிற்றைச் சுற்றும் அதன் இயல்பையும் அளவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

ஆசியா பாறையாலானதுதானே, விண்ணில் உள்ள கல்லை விண்கல் என்றால் என்ன குற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. ஏறத்தாழ 60 கி.மீ. குறுக்களவும், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே தனக்கெனச் சுற்றுப்பாதையும் உடைய ஒன்றைக் கல் என்பது முதற்பிழை. அது ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர மூன்றே முக்கால் ஆண்டு ஆகிறது. விண்கல் என்பதோ, வளிமண்டலத்தில் எரிந்தது போக எஞ்சித் தரையில் விழுந்த துண்டு. கையில் எடுத்துப் பார்க்கத்தக்க பொருள். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், ‘வெஸ்டா என்னும் சிறுகோளிலிருந்து சிதறிய துண்டுகள் விண்கற்களாகப் பூமியில் விழுந்துள்ளன’ என்ற எளிய அறிவியல் உண்மையை எப்படி எழுதுவது? விண்கல்லிலிருந்து விண்கல் விழுந்தது என்றா? மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைத் தேர்வதற்கு முன் அதன் பக்கத்தில் நிற்கும் சொற்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் இன்று அருகிவருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சிறுகோளைக் ‘குறுங்கோள்’ என்று எழுதுவோரிடமும் எனக்கு உடன்பாடில்லை. தமிழ் என்ற அளவில் அது நல்ல சொல்லே. ஆனால் 2006இல் புளூட்டோவும் சீரிசும் வைக்கப்பட்ட, ஆங்கிலத்தில் ‘டுவார்ஃப் பிளானட்’ எனப்படும் புதிய வகைக்கு அச்சொல் வழங்கத் தொடங்கிவிட்டது. 1801இல் வானியலாளர் பியாசி கண்டறிந்த சீரிசு, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஆசியா இருக்கும் அதே சிறுகோள் பட்டையில்தான் சுற்றுகிறது. ஆகவே சீரிசைக் குறுங்கோள் என்றும் ஆசியாவைச் சிறுகோள் என்றும் பிரித்து எழுதுவதே தெளிவு.