90 மைல் வேகத்துக்குப் பின்னால் ஒரு முழங்கை

போன மார்ச்சில் ஒரு பையன் வந்தான். பதினேழு வயது, இங்கே டெக்சாஸில் ஹைஸ்கூல் படிக்கிறான், பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவன். ஆறடி இரண்டு அங்குல உயரம், நீண்ட கை, இன்னும் சதை போட இடமிருக்கும் அகன்ற தோள். ஸ்கவுட்கள், அதாவது டீம்களுக்காகத் திறமையான பையன்களைத் தேடுகிறவர்கள், தேடி வருகிற உடல்வாகு அப்படியே இருந்தது. இரண்டு நாளாகக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றான். முழங்கையின் உள்பக்கம் விரல் வைத்ததும் முகம் சுருங்கியது. அப்பா போன் பேச வெளியே போன பிறகுதான் உண்மை வந்தது: வலி தொடங்கி ஏழு வாரம் ஆகிறதாம். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். வார இறுதியில் ஷோகேஸ், பையன்கள் திறமையைக் காட்டும் நிகழ்ச்சி, ஸ்கவுட்கள் வருவார்கள், சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்றான்.

நான் ஸ்கவுட் இல்லை, ஃபிசியோதெரபிஸ்ட். ஆனால் பதினொரு வருடமாக இந்தப் பையன்களின் தோளையும் முழங்கையையும் பார்த்து வருவதால், பேட்ஸ்மேன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னோடு உட்கார்ந்திருக்கும் ஸ்கவுட்களின் பக்கத்தில் நிறைய நேரம் கழித்திருக்கிறேன். அவர்கள் எழுதுவதைப் பார்த்தால் பல பெற்றோருக்கு ஆச்சரியமாக இருக்கும். வேகத்துக்கு அதில் ஒரு வரிதான். ஒவ்வொரு திறனுக்கும் 20இலிருந்து 80 வரை மதிப்பெண், 50 என்றால் அமெரிக்காவின் உச்ச மட்ட லீகான மேஜர் லீகின் சராசரி. இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்த பிறகு எவ்வளவு வரலாம் என்று இரண்டு எண் போடுவார்கள். ஒவ்வொரு பந்துக்கும் உடல் அசைவு ஒரே மாதிரி வருகிறதா, வளைந்து விழும் பந்தை வேண்டிய இடத்தில் போட முடிகிறதா, ஷார்ட்ஸ்டாப் என்கிற ஃபீல்டர் பந்தைத் தவறவிட்டால் பையன் தோளைத் தொங்கப் போடுகிறானா, ஐந்தாவது இன்னிங்ஸில் வேகம் எவ்வளவு குறைகிறது, எல்லாம் எழுதுவார்கள். 1984 டிராஃப்டில், அதாவது மேஜர் லீக் டீம்கள் முறை வைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில், ஹைஸ்கூலிலிருந்து இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட பிட்சர் கிரெக் மேடக்ஸ் பின்னால் 355 ஆட்டங்களை வென்றார். அவருடைய பெயரே பந்தை நினைத்த இடத்தில் வைப்பதற்காகத்தான். இதையெல்லாம் சொன்னாலும் வீட்டுக்குப் போகும் வழியில் காரில் பேசப்படுவது கன் காட்டிய எண் மட்டும்தான், அதுதான் எனக்கு வருத்தம்.

நம்மில் பலர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள், அதனால் இந்த ஆபத்து உடனே புரிவதில்லை. வேகப்பந்து வீச்சாளருக்கு அதிகம் அடிவாங்குவது கீழ்முதுகு எலும்பு. பேஸ்பாலில் கை மடங்கி, பின்னால் சாய்ந்து, சவுக்கு மாதிரி முன்னால் வருகிறது. அந்த நொடியில் முழங்கையின் உள்பக்கத்தில் எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் சிறிய லிகமென்ட் ஒன்று இழுபடுகிறது. முழு வேகத்தில் வீசும்போது அங்கே வரும் முறுக்கு, அந்த லிகமென்ட் தனியாகத் தாங்கக்கூடிய அளவைவிட அதிகம் என்று ஆய்வகத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். மீதிச் சுமையை முன்கைத் தசைகள்தான் வாங்கிக்கொள்கின்றன. அந்தத் தசைகள் களைத்துப்போனால்? எல்லாம் அந்த லிகமென்டின் தலையில் விழும். 2006இல் அலபாமாவின் பர்மிங்ஹாமிலிருந்து வந்த ஓர் ஆய்வு, அறுவை சிகிச்சை வரை போன இளம் பிட்சர்களையும் காயமே இல்லாதவர்களையும் ஒப்பிட்டது. கை களைத்த பிறகும் வழக்கமாக வீசியவர்களுக்கு ஆபத்து 36 மடங்கு. வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டியில் வீசியவர்களுக்கு ஐந்து மடங்கு.

லிகமென்ட் அறுந்தால் டாமி ஜான் சர்ஜரி, அதாவது உடலின் வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து அந்த இடத்தில் வைக்கும் அறுவை சிகிச்சை, செய்துகொள்ளலாம், செய்தால் இன்னும் வேகம் கூடும் என்று என்னிடமே சொன்ன அப்பாக்கள் உண்டு. தயவுசெய்து இதை நம்பாதீர்கள். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அந்த அறுவை சிகிச்சையை முதன்முதலில் செய்தபோது அதைச் செய்துகொண்ட பிட்சர் டாமி ஜான் ஏற்கெனவே பல வருடம் மேஜர் லீகில் ஆடியிருந்தார். அவரே 1976இல்தான் திரும்பி வந்தார். இன்றைக்கும் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம் ஆகும். பதினேழு வயதுப் பையனுக்கு அந்தப் பதினெட்டு மாதம் என்றால் கல்லூரிகளும் ஸ்கவுட்களும் அவனைப் பார்க்க வரும் காலம் மொத்தமும் போய்விடும்.

ஹைஸ்கூல் முடித்த கையோடு என்ன நடக்கலாம் என்பதற்கு ஹூஸ்டன்காரர் ஒருவரே இருக்கிறார். டேவிட் கிளைட், 1973 டிராஃப்டில் நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டவர். பள்ளி முடித்துச் சில வாரங்களிலேயே டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் டீம் அவரை நேராக மேஜர் லீக் மேட்டில், பிட்சர் நின்று வீசும் மண்மேட்டில், ஏற்றியது. அரங்கம் நிரம்பி வழிந்தது, அவரும் ஜெயித்தார். 1979க்குப் பிறகு அவர் மேஜர் லீகில் ஆடவில்லை. 2014இல் முதலாவதாக எடுக்கப்பட்ட பிரேடி எய்கனும் ஹைஸ்கூல் பையன்தான். முழங்கைப் பரிசோதனையில் சந்தேகம் எழுந்து ஒப்பந்தம் நின்றுபோனது, அடுத்த வருடமே அறுவை சிகிச்சை. அதாவது, ஒளித்து வைத்தாலும் கடைசியில் ஸ்கேனில் தெரிந்துவிடும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு நோட்டு போட்டு எண்ணுங்கள். மேஜர் லீகும் யு.எஸ்.ஏ. பேஸ்பால் என்கிற தேசிய அமைப்பும் 2014இல் கொண்டுவந்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலின்படி 17, 18 வயதுக்கு ஒரு நாளில் 105 பந்துதான் உச்சம். 81 பந்தோ அதற்கு மேலோ போனால் நான்கு நாள் ஓய்வு. வருடத்தில் நான்கு மாதமாவது போட்டியில் வீசக் கூடாது. பள்ளியில் பயிற்சியாளர் எண்ணுவார், உண்மைதான். ஆனால் சனி, ஞாயிறு வெளி டீமுக்கு வீசியதும் ஷோகேஸில் முழு வேகத்தில் போட்ட இருபது பந்தும் அவர் கணக்கில் வராது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான். வேகம் சட்டென்று நாலைந்து மைல் குறைவது, பந்து மேலே மேலே போவது, முழங்கை தோளுக்குக் கீழே இறங்குவது, பந்துக்குப் பந்து கையை உதறுவது, இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அப்புறம், காரில் ஏறியதும் எத்தனை மைல் என்று கேட்பதற்கு முன்னால் கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள்.

அந்தப் பையனுக்கு லிகமென்ட் பாதிதான் கிழிந்திருந்தது. ஷோகேஸுக்குப் போகவில்லை. அப்பா கோபப்படுவார் என்று பயந்தான். அவரோ ஏழு வாரம் என்று கேட்டதும் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மூன்று மாதம் பந்தைத் தொடவில்லை. இப்போது 60 அடி தூரத்திலிருந்து மெதுவாக எறிகிறான், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்பா எதிரே நின்று பிடித்து நோட்டில் எண்ணி எழுதுகிறார். மேட்டில் ஏற இன்னும் சில வாரம் இருக்கிறது.